ஷம்சுன்னிஸா சரிபார்த்த பட்டியல்

செய்தி வந்தபோது நான் வத்தலக்குண்டில் இருந்தேன். அங்குள்ள கல்லூரியில் வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கொடைக்கானல் வண்டிக்கு ஆள் கூப்பிடும் சத்தத்தில் கைபேசி ஒலித்தது முதலில் காதில் விழவில்லை. ஷம்சுன்னிஸாவின் தம்பி பேசினார். "மேடம், அக்கா மௌத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள... அசர் தொழுகை முடிஞ்சு எடுக்குறோம்." "வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திண்டுக்கல் வண்டியில் ஏறினேன்.

பேகம்பூரில் அவர்கள் வீட்டில் பெண்கள் கூடியிருந்த அறையில் என்னையும் உட்கார வைத்தார்கள். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து சாயங்காலம்கூட கம்ப்யூட்டர்ல உன் வேலையத்தாம்மா பாத்துக்கிட்டிருந்தா" என்றார். அது என் வேலை மட்டுமல்ல, எங்கள் இருவருடையது. அதை அப்போது எப்படிச் சொல்வது? ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

அவளோடு கல்லூரியில் பணியாற்றியவர்களும் அவளிடம் வரலாறு படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவள் கண்டிப்பான ஆசிரியை. எனக்கு அவள் எதிர் மேசை. அவள் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். நான் சித்தையன்கோட்டையில் தென்னையும் நெல்லும் பார்த்து வளர்ந்தவள். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். துறையில் மற்றவர்கள் பதவி உயர்வுக்குத் தேவையான அளவு கட்டுரை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் நிறுத்தவில்லை. அதனாலேயே துறையில் தனித்துப்போனோம்.

அவள் இருந்தவரை அந்தத் தனிமை எனக்கு உறைத்ததில்லை.

எந்த நூலையும் திறந்து பார்க்காமல் துணைநூற்பட்டியலில் சேர்க்க அவள் விடமாட்டாள். "நீ பாத்தியா? பாக்கலன்னா எழுதாத" என்பாள். ஒருமுறை ஒரு பக்க எண்ணில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நான்கு பேர் அதே எண்ணைக் கொடுத்திருக்கிறார்களே என்றேன். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் மதுரைக்குப் போய் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். திரும்பி வரும் பேருந்திலிருந்து கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு உற்சாகம். "வாணி, பக்கம் சரியாத்தான் இருக்கு!"

"இதுக்கா இம்புட்டு அலைச்சல்?"

"சரின்னு இப்பத்தான தெரியும்?"

ஒவ்வொரு ஆய்விதழுக்கும் பட்டியலை ஒவ்வொரு விதமாக அமைக்கவேண்டும். ஒன்றில் ஆண்டு பெயருக்குப் பின்னால் வரும், இன்னொன்றில் கடைசியில். அதற்கென்று மென்பொருள்கள் இருந்தும் எங்கள் ஊர்ப் பெயர்கள் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். ஊர்ப் பெயரை ஆசிரியராக்கிவிடும். அதனால் கடைசியில் இருவரும் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் திரையில் சரிபார்ப்போம். பெயர், கமா, இனிஷியல், புள்ளி, அடைப்புக்குறி, ஆண்டு என்று அவள் படிப்பதைக் கேட்டால், வாசலில் காத்திருக்கும் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் கவலைப்பட்டதே இல்லை.

எங்கள் கடைசிக் கட்டுரையின் கதையை உங்களில் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அங்கே வேலை பார்த்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் ஷம்சு. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடே அதுதான். கட்டுரையைப் பரிசீலித்தவர், இந்த முடிவு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது, உரியவரை மேற்கோள் காட்டுங்கள் என்று எழுதி, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரையைச் சுட்டியிருந்தார். தேடி எடுத்து வாசித்தோம். ஷம்சுவின் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் வாக்கியங்கள் மட்டும் இடம் மாறி அதில் இருந்தது. அந்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அந்தப் பேராசிரியரும் ஒருவர். ஓர் அடிக்குறிப்பில்கூட அவள் பெயர் இல்லை.

"இந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நான்தான் போனேன் வாணி" என்றாள். "எனக்குத்தான் காப்பி போட்டுக் குடுத்தாங்க."

துறைத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு, "ஒரு வரிதானம்மா. போட்டுட்டு அடுத்த வேலையப் பாருங்க" என்றார். பல்கலைக்கழகத்துக்கு அவள் அனுப்பிய புகாருக்குப் பதில் வரவில்லை. மதியச் சாப்பாட்டில் எங்கள் பக்கம் வந்து உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். கண்டுபிடிப்புக்கு உரிய இடத்தில் தன் ஆய்வேட்டையே அவள் மேற்கோள் காட்டினாள். ஆனால் பட்டியலில் அந்தப் பேராசிரியரின் கட்டுரையையும் சேர்க்கச் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அந்தாளு பேரே வேணாம் ஷம்சு."

"அதுல கூலியப் பத்தி ஒரு கணக்கு இருக்கு. அது அவரே போட்டது. அதச் சொல்லாம நாம எடுத்துக்கிட்டா நாமளும் அவரும் ஒண்ணுதான்." நான் தட்டச்சு செய்த வரியை எட்டிப் பார்த்தாள். "இனிஷியல் ஒண்ணு விட்டுப்போச்சு. சரியாப் போடு."

அந்த ஆய்விதழ் மறுத்துவிட்டது. வேறொன்றுக்கு அனுப்பினோம். நடந்ததையெல்லாம் விளக்கிய பிறகு அவர்கள் ஏற்றார்கள். அடிக்குறிப்புகளை எடுத்துவிட்டு மேற்கோள்களைத் தங்கள் முறைக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள். அந்த வேலையின் பாதியில்தான் ஷம்சு போனாள்.

மீதியை நான் முடித்தேன். துறையில் எல்லோரும் கிளம்பிய பின் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலை உரக்கப் படித்தேன். பெயர், கமா, இனிஷியல், புள்ளி. படிக்கிறவளும் பார்க்கிறவளும் நானே என்பதால் எங்கே இருக்கிறேன் என்று அடிக்கடி குழம்பியது. ஒரு வரியில் நிறுத்தி, எதிர் மேசை "ம்" என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். பிறகு அதே வரியை மறுபடி படித்தேன்.

ஆய்விதழின் இணையப் படிவம் ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் கேட்டது. கணவர் இல்லை, அத்தா என்று அவள் அழைத்த தந்தையின் பெயரைத் தன் பெயரோடு அவள் சேர்த்ததும் இல்லை, ஒற்றைப் பெயர்தான். அப்படியே போடவேண்டும் என்று எழுதி, ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. அடுத்து, காலமான ஆசிரியரின் பெயரருகே ஒரு சிறிய சிலுவை போன்ற குறி இடுவது தங்கள் வழக்கம் என்றார்கள். அவளுக்கு அந்தக் குறி வேண்டாம், கீழே ஒரு வரியாக எழுதுங்கள் என்று கேட்டேன். எழுதினார்கள். கட்டுரை வெளிவந்தது. துறையில் ஒருவர் வாழ்த்தினார். அந்தப் பேராசிரியரிடமிருந்து இன்றுவரை ஒரு சொல் இல்லை.

போன மாதம் தனியாக மேட்டுப்பட்டிக்குப் போனேன். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர், எங்களோடு முன்பு பேசிய சவரியம்மாள், "கூட வருமே முக்காடு போட்ட பொண்ணு, அது எங்க?" என்றார். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "வா, எங்க ஓர்ப்படியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேட்டதில்ல" என்று எழுந்தார்.

வேலையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ பேசுவதற்கு முன்னால் ஷம்சு எல்லாரிடமும் ஒன்று கேட்பாள். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். ஓர்ப்படியா வீட்டில் அந்த மூதாட்டியின் அருகே உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

"உங்க பேர எப்படிப் போடட்டும்மா?"

"எம் பேரா? இங்க எல்லாரும் மேஸ்திரி பொண்டாட்டின்னுதான் கூப்புடுவாக." சிரித்தார். பின் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ஞானசௌந்தரி" என்றார்.

எழுதிக்கொண்டேன்.