நாயைத் துரத்திப் போன மகள்

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு சங்கு ஊதியதும் நாய் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே என் எட்டு வயது மகளும் ஓடினாள். சுரங்கத்துக்காகக் காலி செய்த கிராமத்தில் பட்டினியாகக் கிடந்த நாய் அது. முந்தின நாள்தான் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து, சாக்கு விரித்து இடம் செய்திருந்தோம்.

பிளாக் பிளாக்காகத் தேடினேன். அந்தப் பாழூருக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சுரங்கப் பள்ளத்தை நினைத்ததும் அவள் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினேன்.

"நாய்க்கு வீடு குடுக்கப் போய், பெத்த புள்ளையத் தொலைச்சிட்டியே!" ஷிப்டு முடிந்து வந்த கணவர் கதறினார்.

பொழுது சாயும்போது, அந்தக் கிராமத்தில் முன்பு நாயை வளர்த்த பெண், மகளையும் நாயையும் அழைத்து வந்தார். விறகு பொறுக்கப் போனவர், இடிந்த தன் வீட்டு வாசலில் அவர்களைக் கண்டிருக்கிறார்.

"இங்கே எல்லாம் செய்தோமே, ஏன் ஓடியது?" என்று அழுதேன்.

"எங்களுக்கே புது எடம் பழகலீங்க, அதுக்கு எப்டிங்க பழகும்? நாளைக்கு வந்து, அது பழகுற வரைக்கும் நானும் கூட உக்காந்துகினு இருக்கேன்."