தொண்டை அசையும் வரை

பிள்ளையை ஃபுட்பால் பழக அனுப்புகிற அகிலா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வால்டெமிர் கோச் பிள்ளைகளைக் கெட்ட கண்ணால் பார்த்தவர் இல்லை. தண்ணீர் குடிக்கிற பையன் முன்னால் குனிந்து நின்று கழுத்தையே பார்க்கிறார் என்று அவள், அவரும் குடியிருந்த அந்த ஷார்ஜா பில்டிங்கில் மாடி மாடியாய்ச் சொல்லி முடித்துவிட்டாள். பார்த்தார்தான். யார் இல்லையென்றது? எதற்குப் பார்த்தார் என்று ஒருத்தியாவது கேட்டாளா?

பிரேசிலிலே ஏதோ சின்ன ஊர் அவருக்கு. மீசை முளைத்த வயசிலேயே முட்டி போச்சு, ஆட்டமும் போச்சு. ஊர் கிளப்பில் மைதானக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தவரிடம், கோச் வராத ஒரு நாள் பொடிப்பசங்களை விட்டார்கள். அதோடு அவர் பெரியவர்கள் டீம் பக்கம் போகவே இல்லை. வளைகுடாவுக்கு வந்த பிறகும் பெரிய கிளப்புகள் கூப்பிட்டுப் பார்த்தன. பெரியவர்கள் காலுக்கு ஏற்கெனவே ஒரு பிடிவாதம் வந்திருக்கும், எனக்குப் பொடிசுகளே போதும் என்றுவிட்டார். அவர் கையில் பந்து பழகினவன் பிறகு வேறு ஒருத்தர் பேரைச் சொல்லிக்கொண்டு டிவியில் ஓடுவான். அதற்கும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு, ஷார்ஜாவுக்கு முன்னால் அவர் இருந்த ராஸ் அல் கைமாவோடு நின்றது.

அங்கே அவர் டீமில் சுஐபு என்று ஒரு சின்னப் பையன். அப்பாவுக்கு சிமென்ட் ஆலையில் வேலை, அம்மா ஹிஃப்ஸா, கீழக்கரைப் பக்கம். நோன்பு மாதம் முழுக்கக் கோச் பிராக்டிஸை இரவுக்குத் தள்ளி வைத்திருந்தார். பெருநாள் முடிந்ததும், கலாஸ், முடிந்தது, இனி பொழுது சாய்கிற நேரத்துக்கே வாருங்கள் என்றார். பெருநாளுக்குப் பிறகும் விரும்பினவர்கள் பிடிக்கிற ஆறு நோன்பு இருக்கிறதென்று அவருக்கு யார் சொன்னது? அம்மாவோடு சேர்ந்து நோன்பு பிடித்த பையன், இன்றைக்கு கிரவுண்டுக்குப் போகாதே என்ற பேச்சைக் கேட்கவில்லை. கோச்சிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார் அல்லவா. அவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாங்கினான், கொப்பளித்தான், துப்பினான். பந்தாடுகிறவன் எவனும் அப்படித்தான் துப்புவான். அவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நோன்பு திறக்கிற மஃரிபு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், கிரவுண்டு லைட் எரியவும், கோட்டோரமாகச் சரிந்தான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஹிஃப்ஸா அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க கொடுத்தீங்க சார். அவன்தான் குடிக்கல" என்றாள்.

அந்தச் சொல் அவரைத் தின்றது. ஷார்ஜாவுக்கு மாறி வந்தும் விடவில்லை. லைட் போடுகிற சத்தம் கேட்டால் வரிசையின் கடைசியைத் திரும்பிப் பார்ப்பார். எவனாவது துப்பினால், கொதிக்கிற வெயிலிலும் அவர் வலது கை யாரோ பிடித்த மாதிரி சில்லிட்டுப் போகும். சுஐபு அங்கே நிற்கிறான் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அதனால்தான் ஒவ்வொருத்தன் முன்னாலும் குனிந்து, தொண்டை ஏறி இறங்குகிற வரை நின்றார்.

அகாடமி நடத்துகிற தியாகுதான் அவரை ராஸ் அல் கைமாவிலிருந்து அழைத்து வந்தவன். அவனுக்கு எல்லாம் தெரியும். அகிலா நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த ஆள் இருந்தால் எங்கள் பிள்ளைகள் வராது என்ற அன்று, கோச்சை உள்ளே அழைத்துக் கெஞ்சினான்.

"கோச், ஒண்ணு பார்க்கிறதை விடுங்க. இல்லேன்னா அந்தப் பையன் கதையை இவங்ககிட்ட சொல்லுங்க. அழுதுட்டு அவங்களே உங்களை இருக்கச் சொல்லுவாங்க."

"அவன் சாவைக் காட்டி நான் வேலையைக் காப்பாத்திக்கணுமா?"

"அப்ப பார்க்கிறதையாவது விடுங்க."

"பார்க்கத் தெரியாம ஒரு நாள் இருந்தேன், தியாகு."

பிள்ளைகளை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு உலகம் கிடையாது. தெரிந்தேதான் வேலையை விட்டார். சுஐபு கதை பின்னால், விஷயம் காதில் விழுந்த ஹிஃப்ஸாவே, என் பிள்ளையால் அவருக்குக் கெட்ட பேர் வேண்டாம் என்று சொல்லித்தான் வெளியே வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கோச் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று லிஃப்டை எடுக்காமல் படியில் இறங்கினார். மாடிக்கு மாடி கதவு சாத்தியிருந்தது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் நிழல் அசைந்தது. ஒருத்தரும் திறக்கவில்லை. கீழே கண்ணாடிக் கதவைத் தள்ளினதும் அனல் முகத்தில் அடித்தது. வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைச் சின்னப் பிள்ளை பிடிக்கிற உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தபடி, ரோட்டைக் கடந்து போனார்.