ஏலச்செடித் தூரில் மஞ்சள் மாத்திரை

சந்திரவல்லியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தேனி ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நாலைந்து தரம் எழுந்து, தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். தாகமெல்லாம் இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். அது என்ன சொல்லும் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் புருஷன் பிச்சைமணிக்குத் தெரியாது.

ராசிங்காபுரத்துக்காரி. விடியுமுன்னே போடியில் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். போன வருஷம் கண் மஞ்சளித்தது. காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள், உப்பில்லாப் பத்தியம் இருந்தாள். கண் தெளியவில்லை, காலில் நீர்தான் கோத்துக்கொண்டது. தேனி டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார்: உடம்பின் காவல் சக்தியே ஆள் தெரியாமல் சொந்த ஈரலைத் தாக்குகிறது. அடக்கி வைக்கலாம், ஆனால் மாத்திரையை விடக்கூடாது.

"நம்ம வீட்டு நாயே நம்மளக் கடிக்கிற மாதிரி" என்றான் பிச்சைமணி. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

முதலில் வெள்ளை மாத்திரை. என்ன மாத்திரையோ போங்கள், ஆளையே முடுக்கிவிட்டது. முகம் பணியாரமாக உப்பியது, பசி அடங்கவில்லை, தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை! செடித் தூரில் குந்தி, மண்ணில் படர்ந்த காய்ச்சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துப் பறிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எப்போதும் கூடக் காய் எடுக்கும் வேலுத்தாய்க்குப் பின்னால் வந்தவள், இப்போது முதல் ஆளாக முடித்து அடுத்த செடிக்குத் தாவினாள். ஜீப்பில் அவளுக்கு 'இஞ்சின்' என்றே பேர் விழுந்தது. கங்காணிகூட மரியாதையாகப் பேசினார். பிறந்ததிலிருந்து எதிலும் முந்தி வராதவளுக்கு அந்தப் பேர் தேனாக இனித்தது.

வில்லங்கம் அப்புறம்தான். வெள்ளையை மட்டும் நம்பினால் எலும்பு பலம் குறையும், சர்க்கரை ஏறும் என்று டாக்டரம்மா இன்னொரு மாத்திரை சேர்த்தார். இரண்டும் கூட்டாக வேலை செய்யும். புதியது பிடிக்கப் பிடிக்க வெள்ளையைக் குறைத்துக்கொண்டே வரலாம். அந்தப் புதியது வெளிர் மஞ்சள் நிறம்.

ஜீப்பில் அதைப் பார்த்த வேலுத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, காமாலைக்குப் பத்தியம்னா கொழம்புல மஞ்சப்பொடிகூடப் போட மாட்டோம். நீ மஞ்ச மாத்திரையவா முழுங்குற? போன மஞ்ச திரும்பி வந்துரும்டி!"

ஜீப்பு முழுக்க ஆமாம் போட்டது. சந்திரவல்லி அப்போது சிரித்துவிட்டாள். ஆனால் வெள்ளை குறையக் குறையக் கை சோர்ந்தது, இஞ்சின் இழுக்கவில்லை. பழி மஞ்சள் மேல் விழுந்தது. பிச்சைமணி தினமும் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் இரண்டில் வெள்ளையை மட்டும் விழுங்கினாள். மஞ்சளை ஏலச்செடித் தூரில் விரலால் குழி பறித்துப் புதைத்தாள். குறைந்துபோன வெள்ளை ஒற்றையாய் எத்தனை நாள் தாங்கும்? உடம்பெல்லாம் அரித்தது, சோறு வெறுத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பேர் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஈரல்ல மறுபடி அழற்சி ஏறியிருக்கு. ரெண்டையும் ஒழுங்காச் சாப்பிட்டும் இப்படின்னா, இந்தக் கூட்டு உங்களுக்குப் பலிக்கல. இன்னும் பலமான மருந்துக்குப் போகணும். அதுவும் பலிக்காட்டி ஈரல் மாத்துறதப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

பிச்சைமணி எழுந்தே விட்டான். "ஏங் கையாலதான் எடுத்துக் குடுக்குறேன் டாக்டரம்மா. அவளும் பாவம், ஒரு நா தவறுனதில்ல. ஈரல்தான் வேணும்னா இந்தா, என்னோடதுல பாதி எடுத்துக்கங்க" என்று சட்டைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டுக் காட்டினான். ஈரல் இருக்கும் பக்கம்கூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதைப் பார்த்த பிறகு சந்திரவல்லியால் பொறுக்க முடியவில்லை.

"நான் திங்கல" என்றாள். "மஞ்சள எல்லாம் செடித் தூருல பொதச்சுட்டேன். அது வந்ததுலருந்து ஏங் கை முன்ன மாதிரி ஓடல."

டாக்டரம்மாவுக்குக் கோபமும் ஆசுவாசமும் சேர்ந்தே வந்தன. திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி இரண்டையும் எழுதினார். "இப்ப கொஞ்ச நாளைக்கு வெள்ளைய ஏத்துறேன். அப்புறம் குறைச்சுருவேன், உங்க கையும் நோய்க்கு முந்தின மெதுவான வேகத்துக்கே வந்துரும். அந்த ஓட்டம் மாத்திரையோடதும்மா, உங்களோடது இல்ல." சந்திரவல்லிக்கு அந்த வார்த்தை நோயைவிட அதிகமாக வலித்தது.

போடி வரும் வரைக்கும் பஸ்ஸில் பிச்சைமணி புது மாத்திரைகளை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். இறங்கும்போதுதான் கேட்டான்: "அந்தச் செடியாச்சும் நல்லாக் காய்ச்சுச்சா?" அவள் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஜீப்பில் எல்லாரும் பார்க்க இரண்டையும் விழுங்கினாள். மாதங்கள் போகப் போக முக வீக்கம் வற்றியது, கண் தெளிந்தது, தூக்கம் வந்தது. இஞ்சின் என்று கூப்பிடுவது நின்றுபோனது. ஒருநாள் சாயங்காலம் எடை போடப் போகும் முன், வேலுத்தாய் தன் பையிலிருந்து இரண்டு கை காயை அள்ளி இவள் பையில் போட்டாள்.

"என்னத்தடி பாக்குற? ஏம் பேச்சக் கேட்டுத்தான ஈரலக் கெடுத்துக்கிட்ட. வச்சுக்க."

சந்திரவல்லி அந்தக் காயை அள்ளித் திருப்பிப் போட்டாள். "எனக்கு ஏங் காய் போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, எடை வரிசையின் கடைசியில் போய் அவசரமில்லாமல் நின்றாள்.