நான்கு மணி ஆல்பம்

இயர்போனைக் காதில் மாட்டுமுன் டெய்லர் அதை வாயருகே கொண்டுபோய் இரண்டு முறை ஊதுவார். நூல்பிசிறு போக வேண்டும். பிறகு, கேட்கப்போகும் ஆல்பத்தின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அவர், சலூன்காரர், வெல்டர் மூவருக்கும் பாட்டுக் கேட்க ஒரே அக்கவுண்ட். ஒருவர் போட்டால் மற்றவருக்கு நின்றுவிடும்.

வெல்டர் இறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு டெய்லரின் பாட்டு பாதியில் நின்றது. ‘வெல்டர் வீட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கிறது’ என்றது திரை. ஆல்பத்தின் பெயரைப் பார்த்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “முழுசாக் கேட்டுட்டு சொல்லு மாப்ள” என்று வெல்டர் கெஞ்சிய ஆல்பம் அது. டெய்லர் கேட்காமலேயே “பிரமாதம்டா” என்று புளுகியிருந்தார்.

மறுநாளும் நான்கு மணிக்கு அதேதான். சலூன்காரரிடம் சொன்னார்.

“பூட்டின வீட்டுல யாருய்யா பாட்டு போடுவா? அலாரம் மாதிரி செட் பண்ணி வச்சிருப்பான். பயந்து தொலையாதே.”

ஐந்தாம் நாள் மூன்றரைக்கே மெஷினை நிறுத்திவிட்டு, அந்த ஆல்பத்தை முதலிலிருந்து போட்டார். நான்கு மணி வந்தது. பாட்டு நிற்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் குழுவில் எழுதினார்: “இப்பத்தான்டா கேட்டேன். மன்னிச்சுக்கோ. மூணாவது பாட்டு உயிரை உருக்குது.”

அதன்பின் நான்கு மணிக்கு எதுவும் நிற்கவில்லை. அலாரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் வெல்டரின் அக்கா, அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கச் சொல்லி வந்தாள்.

“வெளிச்சம் இருக்கும்போதே வந்து அளந்துடு தம்பி, உள்ளே ஒரே இருட்டு. அவன் போன மறுவாரமே கரண்டைக் கட் பண்ணச் சொல்லிட்டோம். இன்னும் திரும்ப வாங்கலை.”