டாஷ்போர்டில் எலி கடித்த இடம்

அத்தா சவூதியிலிருந்து விடுமுறையில் வந்ததும் முதலில் தடவிப் பார்ப்பது எங்கள் பழைய அம்பாசடரின் டாஷ்போர்டைத்தான். பெற்ற மகளைவிட அவருக்குக் கார்தான் பெரிது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குக் கோபம்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகப் பாலக்கரை வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். அதற்குள் காரைப் புதிதாக்கிவிட நினைத்தேன். டாஷ்போர்டின் மரச் சட்டத்தில், இடப்பக்க ஓரத்தை எலி கடித்து வைத்திருந்தது. நானே உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து வழவழப்பாக்கினேன்.

வந்தவர் வழக்கம்போல அங்கே கை வைத்தார். விரல்கள் எதையோ தேடின.

“இங்க பல்லுத் தடம் இருந்துச்சே?”

“எலி கடிச்சது அத்தா. தேச்சு எடுத்துட்டேன்.”

“எலி இல்லம்மா, நீதான். பல்லு முளைக்கிறப்ப அம்மா மடியில நின்னுக்கிட்டு, ஸ்ரீரங்கம் பாலம் தாண்டுற வரைக்கும் அதைக் கடிச்சுக்கிட்டே வருவே. அந்த வாரந்தான் நான் ஃப்ளைட் ஏறுனேன்.”

நான் வழவழப்பான அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

“வேலை சுத்தமா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

இத்தனை வருஷமும் ஊருக்கு வந்ததும் அவர் முதலில் தொட்டது என்னைத்தான். அதைத்தான் நான் தேய்த்து எடுத்திருந்தேன்.