நான் வெட்டிய எஞ்சின் சம்பந்தி வீட்டில் ஓடியது

பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாள். அவளைப் பார்க்கத்தான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்படியே என் மூக்கு. யார் என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. ஆனால் இது அவள் கதை இல்லை, அவளுடைய இன்னொரு தாத்தாவின் கதை. அவருடைய மாடி அறையில் நான் வெலவெலத்துப் போன கதை.

சம்பந்தி முப்பது வருஷம் செயற்கைப் பல் செய்தவர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பு தன் கைவேலை என்பார். பல்லைச் செதுக்கிய அதே இடுக்கி, அதே அரத்தை வைத்து மாடி அறை முழுக்க ஒரு ரயில் நிலையம் கட்டியிருக்கிறார். மேஜை மேல் தண்டவாளம், விரல் உயர ஆட்கள், நகம் அளவுக்கு ஒரு காலண்டர். காலண்டரில் வருஷம் 1986. அதற்குப் பிறகு வந்த ஒரு துரும்புகூட அந்த மேஜையில் இருக்கக் கூடாது. எஞ்சின்கள் நிஜமாகவே நீராவியில் ஓடும். அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும். தண்ணீரை ஊசி போடும் குழாயால் ஊற்றுவார்.

மாதிரி ரயில் வைத்திருப்பவர்களின் சங்கம் வருஷா வருஷம் புகைப்படக் கண்காட்சி நடத்தும். இவர் படத்தை இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். ஒரு தடவை பிளாட்பாரத்துக் குழாய் அந்த வருஷத்தது இல்லை என்று. இன்னொரு தடவை பஸ்ஸின் முன்விளக்கு சரியில்லை என்று. சங்கச் செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படம் பார்ப்பார். அதனால் அவர் பெயரே பூதக்கண்ணாடி. மூன்றாவது தடவையும் திரும்பினால் பிறகு சேர்க்கவே மாட்டார்கள். நான் போன அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிதான் படம் கொடுக்கக் கடைசி நேரம்.

"சம்பந்தி, இந்த வெள்ளை அட்டைய வெளிச்சம் வண்டி மேல விழற மாதிரி இப்படிப் புடிங்க. கேமரா எட்டு செகண்டு திறந்திருக்கும், மூச்சு விடக் கூடாது. மேஜை ஆடிரும்."

"எம்பேத்தியே எட்டு செகண்டு சும்மா இருப்பா. நான் இருக்க மாட்டனா?"

"உங்க பேத்தியா? எம்பேத்தின்னு சொல்லுங்க."

எஞ்சின் புஸ் புஸ்ஸென்று வளைவில் வந்து பிளாட்பாரத்தில் நின்றது. தண்டவாளத்தை ஒட்டி வைத்திருந்த கேமராவை அவர் அமுக்கினார். நான் எஞ்சினைப் பார்த்தேன். இடது பக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஒட்டுத் தகடு, ஒரு மூலை மட்டும் கோணலாக. மேலே நம்பரைப் பார்த்தேன். என் கை தானாக விட்டுவிட்டது. அட்டை தண்டவாளத்தில் போய் விழுந்தது.

"யோ... சம்பந்தி! என்ன பண்றீங்க!"

"இந்த வண்டி செத்துப்போச்சுங்க."

"என்னது?"

"நான்தான் வெட்டினேன்."

இருபத்தாறு வருஷம் பழைய இரும்பு யார்டில் தீயால் இரும்பு அறுக்கும் கேஸ் கட்டராக இருந்தவன் நான். எத்தனையோ எஞ்சின் வெட்டியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. இது மட்டும் மறக்கவில்லை. அந்த ஒட்டுக்குள் இரட்டை இரும்பு. தீ இறங்கவே மாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டிலிருந்து ஆள் ஓடி வந்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான்.

"உங்க மருமக பொறந்த அன்னிக்கு வெட்டினது. எண்பத்து நாலு, தை மாசம்."

சம்பந்தி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துத்தான் எஞ்சினைச் செய்தாராம். பின்னால் ஸ்டுடியோ முத்திரை: 1986.

"இதோ பாருங்க, சீல் இருக்கு."

"எனக்கு ஒரு சந்தேகம். இது படம் எடுத்த தேதியா, கழுவிப் போட்ட தேதியா?"

அவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானே ரோலை ரெண்டு வருஷம் பீரோவுல போட்டுட்டு அப்புறம் கழுவியிருக்கேன். எனக்கா இது தோணல?" தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க. நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, சம்பந்தி."

"அப்ப நம்பரை மாத்திடுங்க."

"ஒட்டு? அதையும் மாத்தினா அது வேற வண்டியில்ல?"

மணி இரண்டே கால். எஞ்சின் தன் பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் கேட்டார். "உங்ககிட்ட வரும்போது ஓடிட்டா இருந்துச்சு?"

"இல்ல. இன்னொரு வண்டி இழுத்துட்டு வந்துச்சு. தீ அணைச்சு ஆறு மாசம்னு சொன்னாங்க."

"சரி, ஸ்டேஷனையே எண்பத்து மூணு ஆக்கிடுவோம்."

இடுக்கியை எடுத்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. டீசல் எஞ்சின், மின்விளக்கு சிக்னல், நீலப் பஸ், விளம்பரப் பலகை. மூன்று வருஷ வேலையை அவர் பிடுங்க, நான் ஷூ டப்பாவில் வாங்கி வைத்தேன். கடைசியில் காலண்டரை மாற்றினார். மறுபடி தண்ணீர், மறுபடி ஸ்பிரிட், எட்டு செகண்டு. இந்தத் தடவை நான் மூச்சு விடவில்லை.

வழியில் பிரிண்ட் போட்டுக்கொண்டு நாலே முக்காலுக்குச் சங்கத்தில் இருந்தோம். பூதக்கண்ணாடி படத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பார்த்தார்.

"போன வருஷம்வரைக்கும் உங்களுது எண்பத்தாறுதானே? இப்ப ஏன் பின்னால போயிட்டீங்க? ஆதாரம்?"

"இதோ நிக்கிறாரே," என்று சம்பந்தி என்னை முன்னால் தள்ளினார்.

"ஆளையெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதுங்க. எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனாவை வாங்கி, ஆதாரம் என்ற கட்டத்தில் எழுத்துக் கூட்டி எழுதினேன்: 'இந்த எஞ்சினை 1984இல் நான் வெட்டினேன். அன்று எனக்கு மகள் பிறந்தாள்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

பூதக்கண்ணாடி அதைப் படித்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு 'ஏற்கப்பட்டது' முத்திரையை எடுத்துப் படத்தின் பின்னால் ஓங்கிக் குத்தினார்.