பூஞ்சைக்கு ஒரு குடை

உச்சி வெயிலில் நடந்தாலும் அவளுடைய குடை அவள் தலைக்கு நிழல் தருவதில்லை; இடுப்பில் அணைத்திருக்கும் வாளியின் மேல்தான் கவிந்திருக்கும். வாளியில் இருப்பது பூஞ்சை. மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவைக் கொல்வதற்காக அவளே வளர்ப்பது. "எனக்கு வெயில் பட்டா கறுப்பேன், அவ்வளவுதானே? இது செத்தே போயிரும்" என்பாள். ஊரார் அவளுக்கு இட்ட பெயர் குடைக்காரி.

பூஞ்சை பிறக்குமிடம் அவளுடைய சமையலறையை ஒட்டிய சிற்றறை. நொய்யரிசியைப் பைகளில் அடைத்துக் குக்கரில் அவித்து, ஆறியபின் தாய்ப்பூஞ்சையைக் கலந்து கட்டிவைப்பாள். மற்ற வீடுகளில் சோற்றில் பூசணம் பிடித்தால் கவலை. இவளுக்கோ, பிடிக்காவிட்டால்தான் கவலை. வெண்மையாகப் படர்ந்து பின்னர் பச்சை பூக்கும் பையைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திப் பார்ப்பாள். வேறு பூசணம் கலந்ததற்கு அடையாளமாகக் கரும்புள்ளி ஒன்று தென்பட்டாலும், அந்தப் பையை இரக்கமின்றிக் குழியில் புதைத்துவிடுவாள்.

தட்டின்முன் அமர்ந்ததும் அவளுடைய கணவர் தவறாமல் கேட்பார்: "இது எனக்கு வச்சதா, புழுவுக்கு வச்சதா?"

"புழு ஒருநாளும் இப்படிக் குறை சொன்னதில்ல. பேசாமச் சாப்பிடுங்க."

தன் தெளிப்பானை எவருக்கும் இரவல் தரமாட்டாள். யாரேனும் அதில் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்துவிட்டால், கழுவியபின்பும் அவளுக்கு நம்பிக்கை வராது. "விஷம் இருந்த பாத்திரத்துல பிள்ளைக்குப் பால் காய்ச்சுவாங்களா?" என்பது அவள் கேள்வி.

இந்தப் பருவத்தில் புழு இறங்கியது அவளுடைய அண்ணனின் வயலில். இலைகள் சல்லடையாயின, குருத்துகளில் மரத்தூள்போல் எச்சம் குவிந்தது. அவள் பொழுது சாய்ந்தபின் குருத்து குருத்தாகத் தெளித்தாள். அடுத்தடுத்த நாள்களிலும் புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன.

"உன் மருந்தைக் குடிச்சுப் புழு நல்லாக் கொழுத்துப்போச்சு தாயே!" என்றார் அண்ணன்.

"பொறுங்கண்ணே. தோல்ல ஒட்டி உள்ள எறங்க வேணாமா? அடுப்புல வச்சதும் பருப்பு வெந்துருமா?"

"உன் பருப்பு வேகுறதுக்குள்ள என் வயல் காலியாயிரும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் தங்கச்சியாவது கிங்கச்சியாவது!"

கடையில் வாங்கிய பூச்சிமருந்துப் புட்டி மோட்டார் அறையில் தயாராக இருந்தது. அவர் குடும்பத்தின் அடுத்த ஓராண்டு அந்த வயலில்தான் நின்றது. சொந்த அண்ணனே கைவிட்ட பூஞ்சையை வேறெவர் தம் வயலுக்குள் விடுவார்? அந்த வாரம் முழுவதும் அவள் சோற்றைப் பிசைந்தாளேயன்றி உண்ணவில்லை.

ஞாயிறு காலையில் அண்ணனுக்கு முன்பே வயலில் இறங்கி, ஒவ்வொரு குருத்தாக விரித்துப் பார்த்தாள். முதல் வரிசையில் எல்லாம் உயிரோடு நெளிந்தன. இரண்டாவது வரிசையின் நடுவே, ஓர் இலைநுனியைப் பற்றியபடி ஒரு புழு குச்சியாக விறைத்திருந்தது. உடல் முழுவதும் வெண்பஞ்சு. பக்கத்துச் செடியில் இன்னொன்று. அதற்கப்பால் மூன்று.

"அண்ணே!"

புட்டியும் கையுமாக வந்தவர் குனிந்து பார்த்தார். "செத்துருச்சா?"

"தொட்டுத்தான் பாருங்களேன்."

தொட்டார். அசையவில்லை. புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புழுவைச் சுண்டியெறிய விரலை மடக்கினார். அவள் அந்தக் கையைப் பற்றி விலக்கினாள்.

"இருக்கட்டும்ணே. இதுலேருந்துதான் மத்ததுக்குப் பரவணும்."

அதற்குள் வெயில் பயிரின் தலைக்குமேல் ஏறிவிட்டது. அவள் குடையை விரித்து, செத்த புழுவுக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றாள்.